ஜியாலஜி முடித்தாகிவிட்டது: எந்த வேலையில் இருந்தால் ஊருக்கும் நாலு வார்த்தை சொல்லலாம்?

எம்.எஸ்சி. ஜியாலஜி கடைசி வருஷத்தில் இருப்பவர்கள் கேட்பது முன்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். யு.பி.எஸ்.சி. ஜியோ-சயின்டிஸ்ட் எழுதுவதா, கம்பெனியில் சேர்வதா, பிஎச்.டி. போவதா. இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மலை, பாறை, நிலநடுக்கம், நிலத்தடி நீர் என்று தமிழில் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறார்கள். கிண்டியில் படிக்கிறவர்களும் கேட்கிறார்கள், மாநிலக் கல்லூரிக்காரர்களும் கேட்கிறார்கள், சில சமயம் அவர்களுடைய அப்பாவே போன் செய்து, "இதுல வருமானம் எல்லாம் வருமா சார்?" என்று கவலையாகக் கேட்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். நான்காவதை மற்ற மூன்றோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். இன்றைய நிலைமையில் நிலவியல் பேசுவதை மட்டும் நம்பிச் சென்னையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாது. ஆனால் பேசுகிற ஆசை நிஜமாகவே இருந்தால், மற்ற வேலைகளை எடைபோடும்போது சம்பளத்தோடு இன்னும் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: அந்த வேலையில் இருந்துகொண்டு வெளியே வாய் திறக்க முடியுமா, திறந்தால் சொல்வதற்குக் கையில் புதிதாக ஏதாவது இருக்குமா. இப்படிப் பார்த்தால் வரிசை நன்றாகவே மாறுகிறது.

கேட்க ஆள் இருக்கிறதா என்ற சந்தேகம் வேண்டாம். மழைக்கு இந்த ஊரில் சொல்ல ஆள் இருக்கிறது. நவம்பரில் வானம் கறுத்தால் தமிழ்நாடு வெதர்மேன் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்காதவர்கள் குறைவு, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அது ஊர்ப் பழக்கமாகவே ஆகிவிட்டது. தரைக்குக் கீழே நடப்பதற்கு அப்படி ஒருவர் இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது சென்னையில் ஆபீஸ் கட்டடங்களில் இருந்து ஜனங்கள் இறங்கி ரோட்டில் நின்றார்கள், எல்லோர் மனதிலும் 2004 சுனாமி. ஆனால் அன்றைக்குக் கடலடிப் பாறை பக்கவாட்டில்தான் நகர்ந்தது, 2004-ல் நடந்ததுபோல் கடல்தரை மேலே தூக்கப்படவில்லை, அதனால் தண்ணீர் பெரிதாக எழும்பவில்லை. மூன்று வாக்கியத்தில் முடிகிற விஷயம், அன்று ராத்திரியே யாராவது தமிழில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன, டைனோசர் முட்டை என்று வாட்ஸாப் முழுக்க ஓடியது. அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடல்; கிடைத்தவை அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்று நிலவியல்காரர்கள் சொன்னார்கள். முட்டை ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடவில்லை.

சரி, வேலைகளுக்கு வருவோம்.

முதலில் ஜி.எஸ்.ஐ. என்கிற இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை. 1851-ல் தொடங்கிய நிறுவனம், தலைமையகம் கொல்கத்தாவில், நம் மாநிலத்துக்கான அலுவலகம் கிண்டியில். யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வில் பிப்ரவரி வாக்கில் பிரிலிம்ஸ், ஜூன் வாக்கில் மெயின்ஸ், பிறகு இன்டர்வியூ. வயது வரம்பு 21 முதல் 32, பிரிவைப் பொறுத்துத் தளர்வு உண்டு. சேர்ந்தால் சம்பள நிலை 10, அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய், அதற்கு மேல் படிகள். இதே தேர்வில்தான் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் சயின்டிஸ்ட் பி பதவியும் வருகிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த வாரியத்துக்குச் சென்னையிலேயே, பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் அலுவலகம் இருக்கிறது. சிக்கல் இடங்களின் எண்ணிக்கையில். 2023 தேர்வுக்கு 285 இடங்கள் அறிவித்தார்கள், அடுத்த வருஷம் 56. இப்படி ஏறி இறங்குகிற ஒன்றை நம்பி வேறு எதுவும் செய்யாமல் நான்கைந்து வருஷம் அறையில் உட்கார்ந்து படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு முறை முழு மூச்சாக எழுதுங்கள், மூன்றாவது முறையை ஏதாவது வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள்.

வேலைக்குள் போய்விட்டால் வாழ்க்கை சுவாரஸ்யமானது. ஐதராபாத்தில் பயிற்சி, பிறகு நாட்டின் எந்த மூலையிலும் போஸ்டிங், மழை ஓய்ந்த மாதங்களில் கேம்ப் போட்டு நடை நடையென்று நடந்து வரைபடம் போடுவது. காலுக்கடியில் இத்தனை விதமான பாறை வருகிற வேலை இந்தியாவில் வேறு இல்லை. சென்னையை விட்டு நகர மாட்டேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்கிறவர்கள் இதை ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பேசுவதைப் பொறுத்தவரை, அரசு ஊழியர் வாயே திறக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது பாதிதான் உண்மை. 1964-ம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் முழுக்க அறிவியல், இலக்கியம், கலை சார்ந்த எழுத்துக்கு இடம் இருக்கிறது. அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ வெளியில் விமர்சிக்கத்தான் தடை, தொடர்ந்து வருமானம் வருகிற பக்கத்துத் தொழில் என்றால் அனுமதி வாங்க வேண்டும். ஆக, அரியலூர் அம்மோனைட்டைப் பற்றி நீங்கள் தாராளமாக எழுதலாம். ஆனால் ஜனங்கள் உங்களிடம் அம்மோனைட்டையா கேட்கப் போகிறார்கள்? டெல்டாவில் ஹைட்ரோகார்பன் எடுத்தால் என்ன ஆகும், எங்கள் ஊர்க் குவாரிக்கு வெடி வைத்தால் வீடு விரிசல் விடுமா, என்றுதான் கேட்பார்கள். தேனி பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மலையும் நம் பரங்கிமலை மாதிரியே சார்னகைட் பாறை, விரிசல் குறைந்த கெட்டியான பாறை என்பதும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். வருஷக்கணக்கில் ஆதரவாகவும் எதிராகவும் மேடை மேடையாகப் பேசினார்கள், பாறையைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. பாறை தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அரசுச் சம்பளத்தில் இருந்தார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1951-ல் ஜி.எஸ்.ஐ.க்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கிறதே கல்லாகிப்போன மரம், அதை 1940-ல் அறிவித்தவர் அவர்தான். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேனில் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று கற்காலக் கோடரியைக் கையில் எடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் ஜி.எஸ்.ஐ. ஊழியர்தான். சேனல் நடத்தி வருவதைவிட இப்படி ஒரு இடத்தைக் கண்டுபிடித்துக் காப்பாற்றி வைப்பது ஊருக்கு நீண்ட காலம் பேசிக்கொண்டிருக்கும். உங்களுக்குப் பிடித்தது இந்த வகை என்றால் மேலே படிக்கவே வேண்டாம், தேர்வுக்கு உட்காருங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. மூலம் வருகிற உதவி நிலவியலாளர் பதவிகளும் உண்டு. மாநிலத்துக்குள்ளேயே இருக்கலாம், வேலை நிரந்தரம், ஆனால் அறிவிப்பு ஒவ்வொரு வருஷமும் வராது. சுரங்கத் துறையில் என்றால் மணல், ஜல்லி, கிரானைட் என்று கோப்பு முழுக்கக் குவாரி சமாச்சாரம். வாய் திறக்க முடியாத வேலைகளுக்கு ஒரு வரிசை போட்டால் இதை நான் முதலில் வைப்பேன்.

ஓ.என்.ஜி.சி., என்.எல்.சி. மாதிரி நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சம்பளம் பிரமாதம், ஓ.என்.ஜி.சி.யில் நுழைவு நிலையிலேயே 60,000-ல் தொடங்குகிற அளவுகோல். காவிரிப் படுகை வேலை என்றால் காரைக்கால் பக்கம். பெண்களுக்கு ஒரு தகவல்: சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்ய 1952-ன் சுரங்கச் சட்டத்தில் இருந்த தடையை 2019-ல்தான் தளர்த்தினார்கள், அதனால் "அதெல்லாம் பொம்பளைங்களுக்குத் தரமாட்டாங்க" என்று சீனியர் யாராவது சொன்னால் அவர் பழைய கதை சொல்கிறார். ஆனால் கிணறு, கனிம இருப்பு பற்றியெல்லாம் வெளியே மூச்சு விட முடியாது, விடவும் கூடாது. டெல்டா கிராமத்தில் போய் நின்று நடுநிலையாக நிலவியல் சொன்னாலும் கம்பெனி ஆள் என்றுதான் கேட்பார்கள். பணம் முதல் தேவை என்றால் தயங்காமல் போங்கள். பத்து வருஷம் கழித்துப் பேசலாம்.

அடுத்து, சென்னையிலேயே இருந்துகொண்டு உடனே சேரக்கூடியது மண் பரிசோதனை. பெரிய கட்டடம், மேம்பாலம், மெட்ரோ எது வந்தாலும் முதலில் துளை போட்டு மண் எடுத்துப் பார்க்க வேண்டும். 63.5 கிலோ சுத்தியை 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து திரும்பத் திரும்பப் போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணி, அதை வைத்து மண்ணின் கெட்டித்தன்மையைச் சொல்கிற வேலை. வெயிலில் நிற்க வேண்டும், ராத்திரியிலும் ரிக் ஓடும், சம்பளம் முதல் சில வருஷங்களுக்குப் பெரும்பாலும் மேலே சொன்ன அரசுச் சம்பளத்தில் பாதிக்கும் கீழே, தலைக்கு மேல் எப்போதும் ஒரு சிவில் இன்ஜினியர். குறைகளைச் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த ஊரின் வயிற்றைத் தினம் பார்க்கிறவர்கள் இவர்கள்தான். ஒரு துளையில் கடல் மணல், இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடையாற்று வண்டல் களிமண், இன்னும் கொஞ்சம் தள்ளினால் மக்கிப்போன பாறை, அதற்கடியில் பல்லைக் காட்டிக்கொண்டு சார்னகைட். இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர், அதில் சுரங்கப் பாதை போகிற இடங்களில் இயந்திரத்தின் முகத்தில் மேல்பாதி மண்ணும் கீழ்பாதி பாறையும் ஒன்றாக வரும்போதுதான் தலைவலி, கருங்கல்லைக் கடிக்கிற அழுத்தம் கொடுத்தால் மேலே இருக்கிற மண் நிற்காது. 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் பள்ளம் விழுந்து மாநகரப் பேருந்தும் காரும் உள்ளே இறங்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. கீழே சுரங்கம் தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படம் போட்டு விளக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் துளையின் விவரங்கள் வாடிக்கையாளரின் சொத்து, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கும். நீங்கள் வேலை செய்த இடத்தைப் பற்றிப் பேச முடியாது, வேலை கற்றுக்கொடுத்ததை வைத்துப் பொதுவாகப் பேசலாம். நன்றாகப் பேசுகிற ஆளுக்கு அதுவே போதும்.

பிஎச்.டி. வழியில் பேச்சுச் சுதந்திரம் அதிகம், மேடையும் கிடைக்கும், பெயருக்கு முன்னால் முனைவர் என்று இருந்தால் டி.வி.க்காரர்கள் தாங்களே கூப்பிடுவார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அந்த ஐந்து வருஷம் நன்றாகவே ஓடும். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நிலவியல் தனிப் பாடமாக இல்லை, சமூக அறிவியலிலும் அறிவியலிலும் கொஞ்சம் கொஞ்சம் கரைந்து கிடக்கிறது, அதனால் பள்ளி ஆசிரியர் வேலை என்ற கதவே கிடையாது. கல்லூரிகளில் ஜியாலஜி துறை இருப்பதே விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில், அங்கேயும் கௌரவ விரிவுரையாளராகப் பல வருஷம் ஓட்டுகிறவர்கள் ஏராளம். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் கடற்கரை மேலாண்மை மையம் போன்ற இடங்களில் திட்டப் பணிகள் வரும், நல்ல வேலைகள்தான், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இன்னொன்று, நீங்கள் தமிழில் எவ்வளவு அருமையாக எழுதினாலும் அது பதவி உயர்வுக்கு ஒரு மதிப்பெண் சேர்க்காது, வழிகாட்டிக்கும் பிடிக்காமல் போகலாம். எர்ணாவூர் பக்கம் கடற்கரை ஏன் அரிக்கிறது, மெரினா ஏன் அகலமாகிறது என்பது பிஎச்.டி. மாணவருக்குக் கைவந்த விஷயம்: துறைமுகச் சுவர் வந்த பிறகு தெற்கில் இருந்து வடக்கே நகர்கிற மணல் தெற்குப் பக்கமே தேங்கிவிட்டது, வடக்கே போய்ச் சேரவில்லை. ஆய்வேட்டில் இது ஒரு அத்தியாயம் முழுக்க இருக்கும், காசிமேட்டில் யாரிடமும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள். (காசிமேட்டுக்காரர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பது வேறு விஷயம்.)

இப்போது என் மனதில் இருக்கிறதற்கு வருகிறேன். நிலத்தடி நீர்.

ஜியாலஜி படித்தவர்கள் இதை இரண்டாம்தரமாகப் பார்க்கிறார்கள், கனிமம், எண்ணெய், டெக்டானிக்ஸ் மாதிரி கெத்து இதில் இல்லையாம். ஆனால் சென்னையில் யாரிடமாவது நிலவியல் பேச வேண்டும் என்றால் வேறு எந்த வாசல் வழியாகப் போவீர்கள்? "உங்க வீட்டுல போர் எத்தனை அடி?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டில் இருநூறில் கிடைத்தது, எங்களுக்கு நானூறு போட்டும் புகைதான் வந்தது, அந்தத் தெருவில் மஞ்சளாக வருகிறது, எதிர் ஃபிளாட்டில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) இரண்டாயிரம் தாண்டிவிட்டது என்று அரைமணி நேரம் பேசுவார்கள். அவர்கள் சொல்வது முழுக்க ஜியாலஜி, அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். திருவான்மியூரில் இருந்து கோவளம் வரை கடலோரம் மணல், மழைத் தண்ணீரை உடனே குடித்துவிடும். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் மேலே கொஞ்சம் மண், கீழே சார்னகைட், அதில் தண்ணீர் விரிசல்களில் மட்டும்தான் இருக்கும். விரிசல் உங்கள் மனைக்கு அடியில் போகிறதா, பக்கத்து மனைக்கு அடியில் போகிறதா என்பதில்தான் இருநூறுக்கும் நானூறுக்கும் உள்ள வித்தியாசம். ஆழம் போகப் போக விரிசல்கள் இறுகிவிடும், அதனால் "இன்னும் நூறு அடி போட்டுப் பார்க்கலாம் சார்" என்று போர்க்காரர் சொல்வது எப்போதும் நல்ல யோசனை ஆகாது.

கடலோரத்தில் இன்னும் சுவாரஸ்யம். மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, எடை வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல நீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. திருப்பிப் பாருங்கள், பம்ப் போட்டு ஒரு அடி இறக்கினால் காலப்போக்கில் அடியில் நாற்பது அடி உப்பு ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் இது பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. பெசன்ட் நகர் அபார்ட்மென்ட் ஒன்றின் அசோசியேஷன் கூட்டத்தில் இந்த ஒரு கணக்கைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி மழைநீர்த் தொட்டியைத் தூர்வார எவ்வளவு ஆகும் என்றுதான் வரும். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நிறைய இடங்களில் அந்தக் குழாய் இன்றும் இருக்கிறது, அடியில் மண் அடைத்துக்கொண்டு. களிமண் இருக்கிற இடத்திலும் மணல் இருக்கிற இடத்திலும் ஒரே மாதிரிக் குழி போட்டால் எப்படி வேலை செய்யும்? இதைச் சொல்ல ஜியாலஜி தெரிந்த ஆள் வேண்டும், சொல்கிற ஆளுக்கு அதிலேயே வேலையும் கிடைக்கிறது.

வருமானம் இரண்டு பக்கத்தில் இருந்து வரும். தொழிற்சாலைகளுக்கும் பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கும் நிலத்தடி நீர் எடுக்க அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி என்று அறிக்கைகள் தேவைப்படும், அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள் அதற்கு நீர்நிலவியல் படித்தவர்களைச் சேர்க்கின்றன. இது மாதச் சம்பளம். இன்னொரு பக்கம் நாலு வருஷம் அனுபவம் வந்த பிறகு தனியாக, மின்தடை அளக்கும் கருவியோடு போய் இடம் பார்த்துச் சொல்வது. நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, எந்த ஆழத்தில் எதிர்ப்பு குறைகிறது என்று பார்த்து, ஈரமான விரிசல் இருக்க வாய்ப்புள்ள இடத்தைச் சொல்வது. சென்னைக்குள் கம்பி நீட்ட இடம் கிடைக்காது, கேபிளும் குழாயும் அளவைக் கெடுக்கும், அதனால் பெரும்பாலும் திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம்தான் இந்த வேலை. போட்டிக்கு யார் என்றால், தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர். அவரைக் கிண்டல் செய்து வீடியோ போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஜனங்களிடம் எடுபடாது, அவர் அந்த ஊர்க்காரர், பாதிக் கிணறுகளில் தண்ணீர் வந்தும் இருக்கிறது. வண்டல் நிலத்தில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், பாறை நிலத்தில்தான் வித்தை பலிக்காது என்று விளக்கினால் கேட்கிறவருக்கே புரிந்துவிடும், யாரையும் அவமானப்படுத்த வேண்டியதில்லை.

இதன் குறை என்னவென்றால், பேசுகிறவரும் வியாபாரம் செய்கிறவரும் நீங்களே. ஒரு வீட்டுக்காரரிடம் போர் போடாதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறை பழைய கிணற்றைத் தூர்வாருங்கள் என்று சொன்னால் அன்றைய கூலி போனது. சொல்லாவிட்டால், மேடையில் நீங்கள் பேசியதெல்லாம் விளம்பரம் என்று ஆகிவிடும். அதோடு கோடையில் வேலை குவியும், ஐப்பசி மழையில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். 2019 மாதிரி ஏரிகள் வறண்ட வருஷத்தில் ஊரே உங்களைத் தேடும், அடுத்த வருஷம் நல்ல மழை என்றால் மறந்துவிடும். இதெல்லாம் தெரிந்தும் நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். மற்ற எல்லா வேலையிலும் பேசுவது தனி, பிழைப்பது தனி, இரண்டுக்கும் நேரத்தைப் பங்கு போட வேண்டும். இங்கே விளக்கிச் சொல்வதுதான் வேலையில் பாதி.

முழுநேரமாகப் பேசுவதற்கென்றே இருக்கிற வேலைகள் எங்கே என்று கேட்டால், எண்ணிக்கை சோர்வாக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் இருந்து இருக்கிறது, அங்கே நிலவியலுக்கு என்று தனிப் பிரிவு உண்டு, காப்பாட்சியர் பதவி அருமையான பதவி, ஆனால் ஒருவர் ஓய்வு பெற்றால்தான் இன்னொருவர். கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கத்தோடு அறிவியல் மையம் இருக்கிறது, அங்கே வானத்துக்குக் கிடைக்கிற கவனம் பூமிக்குக் கிடைப்பதில்லை. அறிவியலை மக்களிடம் கொண்டுபோவதற்கென்றே மத்திய அரசு வைத்திருந்த விஞ்ஞான் பிரசார் அமைப்பை 2023-ல் மூடிவிட்டார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் இருந்து ஊர் ஊராகப் போகிறது, 'துளிர்' பத்திரிகையும் நடத்துகிறது, எழுதக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் அது தொண்டு. யூடியூப் விளம்பரக் காசு பாறைக்கு வராது, நிலநடுக்கம் வந்த வாரத்தில் மட்டும் வரும். பிறகு காசுக்காக "சென்னை கடலில் மூழ்கப் போகிறதா?" என்று தலைப்புப் போட ஆரம்பிப்பீர்கள், அந்த வீடியோவுக்குத் திருத்தம் போட இன்னொரு ஜியாலஜிக்காரர் வேண்டும்.

பேசிப் பழகுவதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தை ஒட்டி ஊர் முழுக்கப் பாரம்பரிய நடைகள் நடக்கும், கோயில், கட்டடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் நடை உண்டு. பரங்கிமலைக்கு ஒரு பாறை நடை கூட்டிப் போங்கள். அந்த மலை ஜி.எஸ்.ஐ. அறிவித்த தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்பது பலருக்குத் தெரியாது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் உலகத்துக்கே சார்னகைட் என்று பெயர் கொடுத்தது இந்தப் பக்கத்துக் கல்லை வைத்துத்தான். ஏறத்தாழ 250 கோடி வருஷத்துக்கு முந்தையது, தரைக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானது, புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினதுபோல் கரும்பச்சையாக மினுங்கும். மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் மெட்ரோ, நடுவில் நின்று நீங்கள் பேச வேண்டும். இருபது பேர் வருவார்கள், அதில் நாலு பேர் தூங்கி வழிவார்கள், ஒரு பாட்டி மட்டும் தன் வீட்டு அம்மிக்கல் இந்தக் கல்தானா என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத் தப்பில்லாமல், சலிப்பில்லாமல் பதில் சொல்ல உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லையா, நல்லது, ஜி.எஸ்.ஐ.யோ எண்ணெய்க் கம்பெனியோ எதுவும் உங்களுக்குத் தடையாக இருக்காது, சம்பளத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பிடித்திருக்கிறது என்றால் இந்த வருஷத்துக்கு நான் சொல்வது இது. பிப்ரவரி பிரிலிம்ஸை எழுதுங்கள், விண்ணப்பத்தில் நிலத்தடி நீர் வாரியத்தின் பதவிக்கும் சேர்த்து விருப்பம் கொடுங்கள். ஜூன் மெயின்ஸ் முடிந்த வாரமே, ரிசல்டுக்காகக் காத்திருக்காமல், நிலத்தடி நீரோ மண் பரிசோதனையோ பார்க்கிற ஒரு சிறிய நிறுவனத்தில் சேருங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, களத்துக்கு அனுப்புகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் ரகசியம் பற்றிய பத்தியைப் படியுங்கள். வாடிக்கையாளரின் விவரங்களைத் தொடாமல் பொதுவாக எழுதவும் பேசவும் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று முதலாளியிடம் ஒரு வரி மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சரி என்பார், பேசுகிற ஆள் கொஞ்சம் பெயர் வாங்கின பிறகு அந்தச் சரி அவருக்கு ஞாபகம் இருக்காது.